சிறுவர் கண்ணொளி காப்போம்
(யூபிலி விழாப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி மேடையில் கோயில் வரலாற்றைப் பேசப் பலர் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளோடு அன்றாடம் பழகும் நாங்கள், அந்தப் பிள்ளைகளின் கண்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பெரியவர்களுக்குக் கண் மங்கினால் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பஸ்ஸின் பெயர்ப் பலகை தெரியவில்லை என்பார்கள். ஐந்து வயதுக் குழந்தை அப்படிச் சொல்லாது. பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்த குழந்தைக்கு உலகமே அப்படித்தான். அது கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். நாமோ, படிப்பு ஏறவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இதைவிடக் கவலைக்குரியது ஒன்று உண்டு. ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் இருந்தால், குழந்தையின் மூளை மங்கலான கண்ணை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகுவதே இல்லை. இதைச் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். ஏழு வயதுக்குள் கண்டுகொண்டால், கண்ணாடி போட்டும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி மற்றதற்கு வேலை கொடுத்தும் பெரும்பாலும் தேற்றிவிடலாம். வயது ஏற ஏறப் பலன் குறையும். பிறகு எவ்வளவு விலை கொடுத்துக் கண்ணாடி வாங்கினாலும் முழுப் பார்வை வராமல் போகலாம். மாறுகண்ணாலும் இந்த நிலை வரும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று பேசிக் காலத்தைக் கடத்துவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் தீங்காகும்.

நம் பக்கத்தில் கண் மருத்துவம் வளர்ந்த வரலாறு பெருமைக்குரியது. மதுரை அரசு மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள், அரசுப் பணியில் இருந்தபோதே கிராமங்களுக்குக் கண் முகாம்களைக் கொண்டு சென்றார். ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே 1976-இல் நடுவண் அரசும் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அன்று முதற்கவலை முதியோரின் கண்புரை. பிள்ளைகளின் முறை பிறகே வந்தது. தமிழக அரசு 2009-இல் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் வழங்கியது.

ஆனால் அந்தத் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது பதினொன்று. சோம்பேறிக் கண்ணுக்கு அது பிந்திய வயது அல்லவா? இந்த இடைவெளியை நிரப்ப உதவுவது 2013-இல் நடுவண் அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டம். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இதில் அடங்குவர். டாக்டர்களும் நர்ஸும் கொண்ட குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வரவேண்டும் என்பது விதி. அந்த நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அன்று பிள்ளையைச் சந்தைக்கோ உறவினர் வீட்டுக்கோ கூட்டிச் சென்றுவிட்டால் ஆறு மாதமாவது வீணாகிவிடும்.

'எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையை எப்படிச் சோதிப்பார்கள்?' என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து நான்கு திசையிலும் திரும்பியிருக்கும் அட்டை ஒன்று உண்டு. வழக்கமாக 6 மீட்டர், அதாவது 20 அடி தூரத்தில் அதைக் காட்டுவார்கள். குழந்தை விரலால் திசையைக் காட்டினால் போதும். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பேச்சு வராத குழந்தைக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஒளி பாய்ச்சி, பவரை அளந்துவிடுவார் டாக்டர்.

குழு எழுதித் தரும் சீட்டை எரவாணத்தில் செருகி வைத்துவிடாதீர்கள். அருப்புக்கோட்டைக்கோ விருதுநகருக்கோ போனால் ஒரு நாள் கூலி போகும், உண்மைதான். நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவர் துணைக்குப் போகலாமே! கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் முகாம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே கிளம்புங்கள். கண்ணில் தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடவே கூடாது.

கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும் என்பது தவறு. பெண் பிள்ளை கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்பதும் வீண் பயம். கண் தெரியாமல் படிப்பை இழந்த பெண்ணுக்கு யார் ஈடு செய்வார்? வாங்கிய கண்ணாடியைப் பெட்டியில் பூட்டாமல் தினமும் போடச் செய்யுங்கள். பிள்ளை வளர வளரப் பவர் மாறும். ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பட்டியலை எழுதட்டும். சாதி மத வேறுபாடின்றி அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்க்கட்டும். யார் கண் சோதிக்கப்பட்டது, யார் விடுபட்டார் என்று மாதம் ஒருமுறை பார்ப்போம். பணம் அரசு தருகிறது. பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டியது நாம். இந்த யூபிலி ஆண்டு முடிவதற்குள் அந்தப் பட்டியலில் சோதிக்கப்படாத பெயர் ஒன்றுகூட இருக்கலாகாது.