85 மைல் தூரம்
(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் குருவானவர் அளித்த செய்தி)



ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நாம் மைல் கணக்கிலே பதில் சொல்லுகிறோம். வியாதியஸ்தரைக் கேட்டால் அவர் மணிக்கணக்கிலே பதில் சொல்லுவார். இவ்விரண்டு கணக்குகளையும் குறித்துச் சில வார்த்தைகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் உட்பகுதியிலே குளோன்கரி, ஜூலியா கிரீக் என்று இரண்டு சிற்றூர்கள் உண்டு. இடைப்பட்ட தூரம் 85 மைல், அதாவது ஏறக்குறைய 137 கிலோமீட்டர். 1928-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி, வாடகைக்கு எடுத்த ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று குளோன்கரியிலிருந்து ஜூலியா கிரீக்குக்குப் பறந்தது. விமானி ஆர்தர் அஃப்லெக். உடன் சென்றவர் டாக்டர் செயின்ட் வின்சென்ட் வெல்ச். நூற்றுக்கு மேற்பட்டோர் கூடிநின்று அவர்களை வரவேற்றார்கள். பறக்கும் மருத்துவர் ஊழியத்தின் முதற்பயணம் அதுவே.

அந்த விமானத்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 80 மைல். ஆகவே காற்று அமைதியாயிருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். 20 மைல் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் அதே பயணம் 1 மணி 25 நிமிடமாகிவிடும். பின்காற்று கிடைத்தாலோ 51 நிமிடத்தில் முடியும். தூரம் மாறவில்லை, நேரமோ மாறுகிறது. விமானத்தில் வானொலிக் கருவியும் கிடையாது. திசைகாட்டியை வைத்துக்கொண்டு, ஆறுகளையும் வேலிகளையும் தந்திக் கம்பிகளையும் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள்.

ஆனால் பறக்கும் நேரம் மட்டும் கணக்கல்ல. தொலைவிலுள்ள மாட்டுப் பண்ணையில் ஒருவர் விழுந்து கிடந்தால், அந்தச் செய்தி மருத்துவரை எட்டவேண்டுமே! தந்தி நிலையத்துக்குக் குதிரையில் ஒரு நாள் சென்றால், விமானம் ஒரு மணியில் வந்தென்ன பயன்? இந்தக் குறையை நீக்க, ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் 1929-இல் காலால் மிதித்து இயக்கும் வானொலிக் கருவியை உருவாக்கினார். அதன்பின்புதான் உட்பகுதிக் குடும்பங்களுக்கு மருத்துவர் உண்மையாகவே அருகில் வந்தார்.

இந்த ஊழியத்தை நிறுவியவர் பிரஸ்பிட்டேரியன் போதகரான ஜான் ஃபிளின். அவருக்கு இந்த எண்ணத்தைத் தெளிவாக்கியது ஓர் இளைஞரின் கடிதம். கிளிஃபர்ட் பீல் என்ற மருத்துவ மாணவர், முதலாம் உலகப் போருக்குப் புறப்பட்டவர், 1917-இல் விமானங்களின் வேகத்தையும் செலவையும் கணக்கிட்டு ஃபிளினுக்கு எழுதினார். 1918-இல் அவர் பிரான்சிலே போரில் மாண்டார். தம்முடைய கணக்கு நிறைவேறியதை அவர் காணவில்லை.

கணக்கு இருந்தும் பணம் வேண்டியிருந்தது. எச். வி. மக்கே என்னும் தொழிலதிபர் தமது உயிலில் 2,000 பவுன் எழுதிவைத்தார். அதனோடு பலருடைய காணிக்கைகளும் சேர்ந்தன. முதலாம் ஆண்டிலேயே 50 பயணங்கள். சிகிச்சை பெற்றவர்கள் 225 பேர். மக்கேயும் 1926-இல் மரித்துப்போனார். அந்த 225 பேரில் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை.

இன்றைய மருத்துவ விமானங்கள் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கின்றன. ஏறி இறங்கும் நேரத்தைச் சேர்த்தாலும் அந்த 85 மைலை அரை மணிக்குள் கடந்துவிடலாம். ஆயினும் எரிபொருளுக்கும், ஓடுபாதைக்கும், இரவில் விழித்திருக்கும் செவிலியருக்கும் இன்றும் யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும்.

பிரியமானவர்களே, மைல்களை நம்மால் குறைக்க இயலாது. தேவன் பூமியை அவ்வளவு விரிவாகவே படைத்திருக்கிறார். மணிகளைக் குறைப்பதோ நமக்கு விடப்பட்டிருக்கிறது. உங்கள் காணிக்கை எவருடைய காத்திருப்பை எவ்வளவு குறைத்தது என்பதை நீங்கள் அறியாமலே போகலாம். பீலும் மக்கேயும் அப்படியே கொடுத்தார்கள். கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.