மூச்சும் நன்றியும்

 

ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும்போது நின்று வாங்கும் மூச்சு, நாம் விலை கொடுக்காமல் பெற்ற அருட்கொடை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீ அதன் அருமையை நமக்கு உணர்த்தியது. வெளியூர்களிலிருந்து மலையேற வந்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகை சூழ்ந்த சரிவில் முன்பின் அறியாதோரைக் காக்க முதலில் ஏறியவர்கள் அவ்வூர் மக்களே.

அவர்களுள் ஒருவர் இன்று போடிப் பேருந்தில் நம் அருகே அமர்ந்திருக்கலாம், நாம் அறியோம். மனிதருக்குக் காட்டும் நன்றியையும் இறைவனுக்குச் செலுத்தும் நன்றியையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரிக்கவில்லை. ஆகவே, மூச்சை எண்ணி ‘அல்ஹம்துலில்லாஹ்’ கூறும் நாவு, வழியில் சந்திக்கும் அறிமுகமற்றவருக்காகவும் துஆச் செய்யட்டும்.

வல்ல அல்லாஹ் நம்மை நன்றியுள்ள அடியார்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.