பொட்டும் வளையமும்: தலைமை உரை

இந்த இருக்கையில் எனக்கு முன்பு அமர்ந்தவர்களுள் இருவர் எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள். அழைப்பிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து அந்த எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. நேற்றிரவு வரை இந்த உரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். பொறுப்பை நம்பி ஒப்படைத்த அமைப்புக் குழுவினருக்கு என் நன்றி.

'பிரித்தறி முறைகள்: நேற்றும் இன்றும்' என்பது கருத்தரங்கின் பொருள். வாயு வண்ணப்பிரிகை, உயர்செயல்திறன் திரவ வண்ணப்பிரிகை, நிறை நிறமாலை ஆகியவற்றைப் பற்றி அவற்றோடு அன்றாடம் பழகுகிறவர்கள் பிற்பகலில் பேசவிருக்கிறார்கள். நிலையான நிலைமை எது, நகரும் நிலைமை எது என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்த நேரத்தைத் தாளுக்கே தருகிறேன். தாள் வண்ணப்பிரிகையைப் பற்றி நாம் எழுதுவதிலும் கற்பிப்பதிலும் சில பிழைகள் ஊறிப்போயிருக்கின்றன.

முதலில் பெயர்கள். மார்ட்டினும் சிங்கும் தாள் வண்ணப்பிரிகையைக் கண்டுபிடித்து 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள் என்று நம் கையேடுகள் எழுதுகின்றன. அந்தப் பரிசு பங்கீட்டு வண்ணப்பிரிகைக்கானது. லீட்ஸ் நகரின் கம்பளித் தொழில் ஆய்வகத்தில், கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிரிக்கும் முயற்சியில், சிலிக்கா ஜெல்லில் நீரை நிறுத்திவைத்து அதன் வழியே குளோரோஃபார்மை ஓட்டி 1941-இல் அவர்கள் வெளியிட்ட முறை அது. தாளைக் கொண்டுவந்த 1944-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் கான்ஸ்டன், கோர்டன், மார்ட்டின் மூவர். சிங் அதற்கு முந்தைய ஆண்டே லண்டன் லிஸ்டர் நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஆர்.எஃப். மதிப்பை வரையறுத்ததும், தாளைத் தொண்ணூறு பாகை திருப்பி வேறொரு கரைப்பானை ஓடவிட்டதும் அந்தக் கட்டுரைதான். கான்ஸ்டன், கோர்டன் என்ற பெயர்களை நம் மாணவர்கள் கேட்டதேயில்லை. இது சரியில்லை.

அடுத்தது ருங்கே. சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்றதோர் அவையில், நான் பெரிதும் மதிக்கும் மூத்த அறிஞர் ஒருவர் ஃபிரீட்லீப் ருங்கேதான் தாள் வண்ணப்பிரிகையின் தந்தை என்றார். நான் மறுத்தேன். அதன்பின் எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து நீண்டது. காஃபீனை 1819-இல் பிரித்தெடுத்த பெரிய வேதியியலர் ருங்கே என்பதில் எனக்கு ஐயமில்லை. 1855-இல் அவர் வெளியிட்ட நூலின் ஒவ்வொரு படியிலும், உப்புக் கரைசல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொட்டவிட்டு உருவான நிற வளையங்கள் கொண்ட மைஒற்றுத் தாள்களையே ஒட்டியிருந்தார். அந்த உருவங்களைப் பொருளுக்குள் இருக்கும் ஓர் உந்துதல் வரைவதாக அவர் நம்பினார். ஆனால் தாளில் என்ன விட்டோம் என்பது அவருக்கு முன்பே தெரியும். தெரியாத கலவை ஒன்றைத் தாளிடம் கொடுத்து 'இதில் என்ன இருக்கிறது' என்று அவர் கேட்கவில்லை. 1861-இல் ஷோன்பைனும், அவர் வழியில் கோப்பல்ஸ்ரோடரும் அந்தக் கேள்விக்கு இன்னும் அருகில் வந்தார்கள். என் கருத்தில் இன்றும் மாற்றமில்லை. ஒன்றை மட்டும் நண்பருக்கு விட்டுக்கொடுக்கிறேன்: தாளில் வளையத்தை ஊன்றிப் பார்த்தவர் ருங்கே. அந்த வளையத்துக்குத்தான் நான் வர வேண்டும்.

பிரிப்பது வேறு, இன்னதென்று அறிவது வேறு. நம் செய்முறைத் தேர்வில் மாணவர் பொட்டு வைக்கிறார், கரைப்பானை ஏறவிடுகிறார், நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்குகிறார், ஊதாப் பொட்டின் தூரத்தைக் கரைப்பான் சென்ற தூரத்தால் வகுக்கிறார். பிறகு சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்த்துப் பெயரை எழுதுகிறார். நாமும் மதிப்பெண் போடுகிறோம். பியூட்டனால், அசிட்டிக் அமிலம், நீர் கலந்த வழக்கமான கரைப்பானில் கிளைசீனும் செரீனும் ஒட்டியே நிற்கும். லியூசினையும் ஐசோலியூசினையும் கண்ணால் பிரிக்க முடியாது. அறை வெப்பம் மாறினால் மதிப்பு மாறும். தொட்டிக்குள் ஆவி நிறையாவிட்டாலும், தாளின் ரகம் மாறினாலும் மாறும். எங்கோ, எவரோ, எந்த வெப்பத்திலோ கண்ட எண்ணை நம் தாளின் மேல் எப்படிச் சுமத்துவது?

என் ஆய்வகத்தில் ஒரு மாணவி காட்டிய தாள் எனக்கு மறக்காது. மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட கலவை அது. தாளில் நான்கு ஊதாப் பொட்டுகள் இருந்தன. நான்காவதற்கும் மதிப்பு கணக்கிட்டு, அட்டவணையில் ஒரு பெயரும் கண்டுபிடித்து எழுதியிருந்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அந்தப் பொட்டில் மெல்லிய ரேகைகள் ஓடின. அது அவளுடைய கட்டைவிரல். வியர்வையில் அமினோ அமிலம் உண்டு, நின்ஹைட்ரின் அதையும் காட்டிவிடும். கைரேகையை இதே வழியில் எடுக்கலாம் என்று ஓடேனும் ஃபான் ஹோஃப்ஸ்டனும் 1954-இல் அறிவித்தார்கள். அவள்மேல் தவறில்லை. எண்ணிருந்தால் பெயருண்டு என்று கற்பித்தவர்கள் நாம்.

பெர்க்லியில் கால்வின், பென்சன், பாஷாம் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கதிரியக்கக் கரிமம் ஏற்ற பாசியின் சாற்றைத் தாளில் இரு திசைகளிலும் ஓட்டினார்கள். எக்ஸ்ரே படலத்தில் கறுப்புப் பொட்டுகள் விழுந்தன. ஒரு பொட்டைப் பாஸ்போகிளிசரிக் அமிலம் என்று சொல்ல அவர்கள் அட்டவணையை நாடவில்லை. அந்தப் பொட்டைக் கழுவியெடுத்து, கதிரியக்கமில்லாத அசல் பொருளோடு கலந்து, மறுபடி ஓட்டினார்கள். நிறப் பொட்டும் கறுப்புப் பொட்டும் ஓரம் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தம்தான் அடையாளம்.

அதே பொருத்தத்தைக் கதிரியக்கம் இல்லாமல், இரண்டு பெட்ரி தட்டுகளுக்கு நடுவே பார்க்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் கே. வி. கிரியும் என். ஏ. என். ராவும், வட்டத்தாளில் பிரிந்த அமினோ அமிலங்களை அடையாளம் காணும் முறையை 1952-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வட்டத்தாளை 1948-இலேயே ரட்டர் பயன்படுத்திவிட்டார். தாளில் விளிம்பிலிருந்து மையம்வரை ஒரு கீற்றை வெட்டி, விளக்குத் திரிபோலக் கீழே மடித்துக் கரைப்பானில் தொங்கவிட்டவர் அவர். கரைப்பான் திரி வழியே ஏறி, நடுவிலிருந்து வட்டமாக விரியும். மையத்தைச் சுற்றிச் சிறு வட்டம் வரைந்து, அதில் தெரியாத கலவையையும் தெரிந்த பொருள்களையும் அடுத்தடுத்து வையுங்கள். பொட்டுகள் வெளியே போகப் போக வில்லாக நீளும். பக்கத்துப் பொருளும் அதுவே என்றால் இரண்டு வில்லும் நுனி கோத்து ஒரே கோடாகிவிடும். வேறென்றால் இணையும் இடத்தில் படி விழும். அலனீனையும் குளூட்டாமிக் அமிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அளவுகோலே வேண்டாம். லியூசின் இணைக்கு இதுவும் உதவாது, கரைப்பானை மாற்றத்தான் வேண்டும்.

இதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிய கட்டுரையொன்றை இங்குள்ள பலர் படித்திருப்பீர்கள். வளையத்தில் வரும் மதிப்பு நூல்களில் உள்ள மதிப்போடு ஒத்துப்போவதில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. ஒத்துப்போகாதுதான். நேர்கோட்டில் 0.49 என்றால் வளையத்தில் ஏறத்தாழ 0.70 வரும். பரப்பு ஆரத்தின் இருமடியாக விரிவதால் வளைய மதிப்பு நேர்கோட்டு மதிப்பின் இருமடிமூலம் ஆகிறது. குறை முறையில் இல்லை, ஒப்பிட்ட விதத்தில் இருக்கிறது. கட்டுரையாசிரியர் இந்த அவையில் இருந்தால் மதிய இடைவேளையில் பேசுவோம்.

மெல்லிய அடுக்கு முறை வேகத்திலும் கூர்மையிலும் தாளை வென்றுவிட்டது, ஆய்வுக்கு அதையே கொள்ளலாம். ஆனால் அந்தத் தகட்டிலும் அசல் பொருளைப் பக்கத்தில் வைக்காதவருக்கு அது எதையும் நிரூபிக்காது.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வரும் கல்வியாண்டின் செய்முறை ஏட்டில், தெரிந்த பொருளை அதே தாளில் ஓட்டாமல் பெயர் எழுதக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். வட்டத்தாள் முறையை ஒரு பயிற்சியாக வையுங்கள். கான்ஸ்டன், கோர்டன், கிரி, ராவ் ஆகிய நால்வரின் பெயர்களும் அந்த ஏட்டில் இருக்கட்டும். இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் இதைத் தீர்மானமாக முன்மொழிய வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.