கதவைத் தட்டும் ஓசை

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் எடுத்த பத்து நிமிடத் திகில் படத்தைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். பாடசாலை நாடகங்களில் ஒன்றாக நடித்த நாங்கள் மூவரும் கைக்காசு போட்டு, கிருலப்பனையில் ஒரு தொடர்மாடி வீட்டில் எடுத்த படம் அது. "பரதமும் பண்ணிசையும் படித்த பிள்ளைகளுக்குப் பேய்ப் படம் எதற்கு?" என்று எங்கள் டீச்சர் ஒருவர் கேட்டார். அதற்கு இன்று பதில் சொல்லுகிறோம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியோர் இரவில்தான், எங்களில் ஒருத்தியின் அம்மா முதன்முறையாக 1983 ஜூலையைப் பற்றிக் கதைத்தார். நாங்கள் மூவருமே அவரை அம்மா என்றுதான் அழைப்போம். ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை 25ஆம் திகதி வெள்ளவத்தை, கிருலப்பனை என்று நகரெங்கும் பரவியது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து தமிழர் வீடுகளைத் தேடினார்கள். இவையெல்லாம் நூல்களில் இருக்கின்றன.

நூல்களில் இல்லாத சிலவற்றை அம்மாவின் வீட்டில் நாங்கள் சிறுவயது முதலே பார்த்திருந்தோம். கதவருகில் எப்போதும் ஒரு பை இருக்கும். அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், மாற்றுச் சேலை ஒன்று. யாராவது கதவைத் தட்டினால் அம்மா தமிழில் கேட்கமாட்டார். "கவுத?" என்று சிங்களத்தில்தான் கேட்பார். அது அவருடைய பழக்கம் என்றே நினைத்திருந்தோம்.

ஊரில் இதைப் பயந்த கோளாறு என்று சொல்லி நூல் கட்டுவார்கள். மருத்துவர்கள் மனவடு என்கிறார்கள். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளத்தாக்கம் பற்றி 1998இல் ஒரு பெரிய ஆங்கில நூலே எழுதினார். ஆபத்து முடிந்துவிட்டது என்று அறிவுக்குத் தெரிந்தாலும் உடம்பு அதை நம்புவதில்லை. ஓர் ஓசையோ ஒரு மணமோ போதும், அந்த நாள் திரும்பிவிடும். போனது திரும்பி வருவதுதானே பேய்க்கதை? அவுஸ்திரேலியாவின் ஜெனிபர் கென்ட், கணவனை இழந்த பெண்ணின் துயரத்தை 2014இல் 'பபடூக்' என்ற பேய்ப் படமாக்கினார். அதற்கு முன் 2005இல் அதையே குறும்படமாக எடுத்துப் பார்த்திருந்தார். 'அண்டர் த ஷாடோ' என்ற 2016ஆம் ஆண்டுப் படத்தில், ஏவுகணைகள் விழும் தெஹ்ரான் நகரின் மாடிவீட்டுக்குள் ஜின் வருகிறது. எங்கள் ஜூட் ரட்ணம் 1983ஐயும் அதன் பின் வந்த போரையும் பற்றி எடுத்து, 2017இல் கான் விழாவில் காட்டிய ஆவணப்படத்தின் தலைப்பிலும் பேய் இருக்கிறது: 'டீமன்ஸ் இன் பரடைஸ்'.

ஆகவே நாங்களும் ஒரு பேயை எழுதினோம். முகமில்லாத கறுத்த உருவம் ஒன்று இரவில் கதவைத் தட்டும். படத்தைத் தொலைபேசியிலேயே எடுத்தோம். சிரமம் ஒலியில்தான். ஹைலெவல் வீதியில் பஸ்ஸும் ஓட்டோவும் ஓய்வதற்கு இரவு ஒரு மணியாகும். எதிரொலி வராமலிருக்க மெத்தைகளையும் போர்வைகளையும் சுவரோடு சாத்தினோம். அம்மா உள்ளறையில் நித்திரை என்று நினைத்து, அவரிடம் சொல்லாமலே, அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஒலிப்பதிவு செய்தோம். ஓசை போதாது என்று நான்கு முறை தட்டினோம்.

பிறகு அறைக்குள் போய்ப் பார்த்தால் அம்மா இல்லை. குளியலறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. வெகுநேரம் கூப்பிட்ட பிறகுதான் திறந்தார். கையில் அந்தப் பை இருந்தது. நெற்றிப் பொட்டை அழித்திருந்தார்.

மனவடுவைப் பற்றிப் படம் எடுக்க வந்த நாங்களே அதைக் கீறிவிட்டோம். அன்றே படப்பிடிப்பை நிறுத்தினோம். இரண்டு மாதம் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கடைசியில் அம்மாதான் எழுதியதைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி வாசித்தார்.

"பிள்ளையள், உங்கட பேய்க்கு முகமில்லை. அண்டைக்கு வந்த ஆக்களுக்கு முகம் இருந்தது. அதில ஒருத்தன் எங்களுக்குப் பேப்பர் போட்ட பெடியன். பின்கதவால எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒளிச்சு வைச்ச பக்கத்து வீட்டு நோனாவுக்கும் முகம் இருந்தது. ரெண்டு பேரையும் விட்டுப்போட்டு என்ன படம்?"

பேயை எடுத்துவிட்டோம். படத்தில் தீயும் இல்லை, இரத்தமும் இல்லை. ஒரு பெண், ஒரு பை, ஒரு கதவு, தட்டும் ஓசை. அந்த இரண்டு முகங்களும் அவள் நினைவில் வந்துபோகும். முடிவு அம்மா சொன்னபடியே அமைந்தது. கதவு திறப்பதில்லை. அவள் பொட்டை அழிக்காமல் தாழ்ப்பாளில் கை வைத்து, "யாரது?" என்று தமிழில் கேட்கிறாள்.

இப்படிப் படம் எடுக்க நினைக்கும் தங்கைமாருக்கு மூன்று விடயங்கள் சொல்வோம். யாருடைய பயமோ அவரிடம் முதலில் கேளுங்கள். நிறுத்தச் சொல்லும் உரிமை கடைசி நாள் வரை அவருக்கே இருக்கட்டும். திரையிடுவதற்கு முன் படத்தில் என்ன வரும் என்று சொல்லிவிடுங்கள், முடிந்தபின் கதைப்பதற்கு உளவளத்துணை தெரிந்த ஒருவரை அருகில் வைத்திருங்கள்.

நாங்கள் முதலில் காட்டியது ஒரு வீட்டு விறாந்தையில், முப்பது பேருக்கு. முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. சற்றுக் கழித்து ஓர் அக்கா, "என்ர பை அலுமாரிக்குக் கீழ இருக்கு" என்றார். பிறகு இன்னொருவர் தன்னுடைய பையைப் பற்றிச் சொன்னார். அன்றிரவு பத்து மணி வரை கதைத்தோம்.

இந்த மலரில் பரிசளிப்பு விழாப் படங்களும் வலைப்பந்துக் குழுப் படங்களும் இருக்கின்றன. 1983 ஜூலைக்குப் பின் வகுப்புக்குத் திரும்பாத பிள்ளைகளின் படங்கள் இல்லை. டொரொன்டோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிக்கும் அக்காமாரே, உங்கள் கதவருகிலும் அப்படியொரு பை இருந்தால், முடிந்தபோது அதைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். எழுத மனமில்லாவிட்டால் அதுவும் சரிதான். கேட்காமல் கதவைத் தட்டமாட்டோம்.