கல்லுக்காகச் சாகும் முள்ளம்பன்றி



முள்ளம்பன்றி என்றதும் அது பன்றி இனம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பெயர்தான் அப்படி. உண்மையில் அது எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணி. மலாயில் லண்டாக் என்பார்கள்.

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது புதிய விலங்கல்ல. அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. முள்ளம்பன்றி காட்டோரங்களில் ஒதுங்கி வாழ்கிறது.

பகலில் குடும்பமாக வளைக்குள் உறங்கும். இரவில் கிழங்கு, வேர், மரப்பட்டை, உதிர்ந்த பழம் ஆகியவற்றைத் தேடி வெளியே வரும். கிடைத்த எலும்பையும் கொறிக்கும். அதில் சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது; ஓயாமல் வளரும் பல்லும் தேய்கிறது.

அது முள்ளை அம்பு போல் எய்யும் என்பது வெறும் கதை. முள் என்பது தடித்த மயிர்தான். ஆபத்து வந்தால் வால் முள்ளைக் கிலுகிலுவென ஆட்டி எச்சரிக்கும். எதிரி விலகாவிட்டால் பின்பக்கமாகப் பாயும். முள் எதிரியின் உடலில் தைத்துக் கழன்றுவிடும்.

புலியையே காயப்படுத்தும் அந்த முள், மனிதன் வைக்கும் கண்ணியிடம் பலிப்பதில்லை. அதன் வயிற்றில் சில வேளை செரிக்காத தாவர நார் திரண்டு கட்டியாகிவிடும். அதுதான் 'கெலிகா' எனும் கல். எல்லா முள்ளம்பன்றியிடமும் அது இருக்காது. ஒரு கல் கிடைக்க எத்தனை உயிர் போகிறதோ!

புற்றுநோய், நீரிழிவு, டிங்கிக் காய்ச்சல் என எல்லாவற்றுக்கும் இதுவே மருந்தென்று சமூக ஊடகங்களில் விற்கிறார்கள். இது நோயைக் குணப்படுத்தும் என்று மனிதர்களிடம் முறையாகச் சோதித்து நிரூபிக்கப்படவில்லை.

ஈப்போவில் என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் கண்டபோது, ஒருவர் கடுகளவு தூளை மடித்துக் கொண்டு வந்தார். காதுத் தோட்டை விற்று வாங்கினோம். அதை நம்பி மருத்துவமனையைத் தள்ளிப்போட்டோம். அந்த மாதங்கள் திரும்பி வரவில்லை.

முள்ளம்பன்றி எலியைப் போல் குட்டிகளைக் குவிக்காது. ஓர் ஈற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 2016-இல் உலகச் சிவப்புப் பட்டியல் இதனைக் கவலை குறைந்த இனமாகவே குறித்தது. ஆனால் வேட்டை மிகுந்த இடத்தில் இழப்பை ஈடுகட்ட அதற்கு நாளாகும்.

2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி இதை வேட்டையாடுவது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வாங்க ஆளில்லாவிட்டால் கண்ணி வைக்கவும் ஆளிருக்காது. அடுத்த முறை அந்தத் தூள் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், நோயாளியை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.