மழலைக்கு மறுமொழி



கடவுளரையும் பெரியோரையும் குழந்தையாக்கிப் பாடுவது பிள்ளைத்தமிழ். அச்சிற்றிலக்கியத்தினுள் குழந்தைக்குப் பேச்சு அரும்பும் வழியும் பொதிந்து கிடக்கிறது.

ஐந்தாம் திங்களில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை என்பது பருவங்களை எண்ணும் ஒரு முறை. தால் என்பது நா. கீர் என்பதற்குச் சொல் எனப் பொருள் கொண்டு, செங்கீரையை மழலைப் பருவமாக விளக்குவோரும் உளர். இன்றைய குழந்தை மருத்துவமும் ஏறத்தாழ ஆறாம் திங்களில் ஒலியடுக்கும், ஓராண்டு நிறைவில் முதற்சொல்லும், ஈராண்டில் இருசொல் தொடரும் எதிர்பார்க்கிறது.

இவற்றினும் சிறந்த உண்மை ஒன்றுண்டு. கை கொட்டுக, முத்தம் தருக, வருக எனப் புலவன் குழந்தையிடம் எதையேனும் கேட்டுக்கொண்டே இருக்கிறான். சொல் வாராத குழந்தை கையாலும் இதழாலும் காலாலும் விடை தருகிறது. கேட்டலும், விடைக்குக் காத்திருத்தலுமே பேச்சின் வித்து.

பரஞ்சோதி முனிவர் தோன்றிய மண் வேதாரண்யம். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்ததும் இங்கேதான். அப்போரில் பங்குகொண்ட சர்தார் வேதரத்தினம், 1946இல் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவிப் பெண்கல்விக்கு வழி வகுத்தார். பள்ளி வாயிலை மிதிக்குமுன் உள்ள ஆண்டுகளே இனிக் கருதத்தக்கவை.

தாய் உப்பளத்துக்கோ நடவுக்கோ சென்றபின் குழந்தை பாட்டியிடம் இருக்கிறது. சில வீடுகளில் கைப்பேசியிடம் இருக்கிறது. கைப்பேசி பாடும், மழலைக்கு மறுமொழி கூறாது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டா என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. இதற்காகத் தாயைப் பழித்தல் அறமன்று. கூலியின்றி உலை கொதியாது.

நீராட்டும்போதும் சோறூட்டும்போதும் கையிலுள்ள பொருளின் பெயரைச் சொல்லி, குழந்தையின் முகம் பார்த்துச் சற்றே காத்திருக்கப் பாட்டியாலும் அங்கன்வாடிப் பணியாளராலும் இயலும். ஒலி கேட்டுத் திரும்பாத குழந்தையை உடனே செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். ‘இவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்’ என்று நாள் கடத்துதல் தீது.

கவிஞர்க்கும் இதில் பணி உண்டு. குழந்தைப் பாடல் பலவும் அறிவுரையாகவே முடிந்துவிடுகின்றன. கோடியக்கரையின் வெளிமானும் பூநாரையும், உப்புப் பாத்தியும் நாற்றங்காலும் இடம்பெறும் வினா விடைப் பாடல்கள் பிறத்தல் வேண்டும். ஈற்றுச் சொல்லைக் குழந்தை நிரப்புமாறு அவற்றில் இடம் விடுதல் வேண்டும். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தார் அத்தகைய பாடல்களை இயற்றி, அங்கன்வாடிதோறும் பாடிக் காட்டுவாராயின், நாளைய தமிழுக்கு இன்றே நீர் வார்த்தவர் ஆவர்.