வீட்டில் தைக்கும் மேலங்கி: ஒரு காகிதத்தின் மதிப்பு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



‘ஜாக்கெட்’ என்று சொன்னதும் தமிழ் இல்லங்களில் நினைவுக்கு வருவது சேலைக்கு அணியும் ரவிக்கைதான். அதைத் தைக்கக் கொடுக்கும்போது, நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றையும் ‘அளவு ஜாக்கெட்’ என்று சொல்லித் தையற்காரரிடம் கொடுப்பது வழக்கம். அந்தப் பழைய ரவிக்கைதான் புதியதற்கு வழிகாட்டி. இன்றைய தலைப்பில் வரும் ஜாக்கெட் வேறு. குளிர் நாடுகளில் சட்டைக்கு மேலே அணிகிற மேலங்கி அது. அதை வீட்டிலேயே தைப்பவர்களுக்கு அளவு ஜாக்கெட்டின் வேலையைச் செய்வது ஒரு காகிதம். ‘பேட்டர்ன்’ எனப்படும் வெட்டு மாதிரி அது.

கடையில் ஆயத்த மேலங்கிகள் குவிந்து கிடக்கும்போது, ஒருவர் ஏன் காசு கொடுத்துக் காகிதம் வாங்கி, பல நாள் உட்கார்ந்து ஒன்றைத் தைக்க வேண்டும்? அந்தக் காகிதத்தை வரைந்தவருக்கு அதில் என்ன பங்கு? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

காகித மாதிரியின் கதை

ஐசக் சிங்கர் தம்முடைய தையல் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851-ஆம் ஆண்டில். இயந்திரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. துணியை எப்படி வெட்டுவது என்பதுதான் சிக்கலாக இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற ஊரில் தையற்காரராக இருந்த எபனேசர் பட்டரிக், 1863-இல் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரே உடையைப் பல அளவுகளில் வரைந்து, காகித மாதிரிகளாக விற்கத் தொடங்கினார். பின்னர் 1870-இல் மெக்கால், 1899-இல் வோக், 1927-இல் சிம்ப்ளிசிட்டி என்று ஒவ்வொரு பெயராக வந்தது. ஜெர்மனியில் ஏன்னெ புர்டா 1950-இல் தொடங்கிய இதழ், மாதிரித் தாள்களோடு பல நாடுகளுக்கும் சென்றது.

காலப்போக்கில் பட்டரிக், மெக்கால், வோக், சிம்ப்ளிசிட்டி ஆகிய நான்கு பெயர்களும் ஒரே உரிமையாளரின் கைக்கு வந்தன. அந்த நிறுவனம் 2025-ஆம் ஆண்டு ஜூலையில் நொடிப்பு நீதிமன்றத்தை நாடியது. அதே ஆண்டில், அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 800 கிளைகளை வைத்திருந்த ஜோஆன் என்ற துணிக்கடை நிறுவனமும் தன் கடைகள் எல்லாவற்றையும் மூடியது. வீட்டுத் தையலுக்குத் துணையாக இருந்த பெரிய தூண்கள் இப்படிச் சரிந்தன.

ஆனாலும் வீட்டுத் தையல் நின்றுவிடவில்லை. அதற்குக் காரணம், தனித்து இயங்கும் சிறு வடிவமைப்பாளர்கள். 1975-இலேயே கலிஃபோர்னியாவில் ஃபோக்வேர் என்ற சிறு நிறுவனம், உலக மக்களின் பாரம்பரிய உடைகளுக்கு மாதிரிகள் வெளியிடத் தொடங்கியது. இணையம் பரவியபின் இத்தகையவர்கள் பெருகினர். ஓர் அறை, ஒரு கணினி, ஒரு தையல் இயந்திரம் இருந்தால் போதும். கனடாவில் வரைந்த மாதிரியைக் கோலாலம்பூரில் இருப்பவர் அன்றைக்கே அச்சிட்டுக்கொள்ளலாம்.

ஒரு மேலங்கி உருவாகும் விதம்

சிகாகோ நகரில் ஜென் பீமன் என்ற பெண்மணி தொடங்கிய கிரெயின்லைன் ஸ்டூடியோ வெளியிட்ட ‘டமராக்’ மேலங்கியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்து, கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டிச் செய்யும் மேலங்கி அது. காலர் கிடையாது. ஓரங்கள் முழுவதும் பட்டி வைத்து மூடப்படும். பார்வைக்கு எளிமையானது. தைக்க உட்காரும்போதுதான் அதற்குள் இருக்கும் உழைப்பு தெரியும்.

முதல் வேலை அளவெடுப்பது. கடைச் சட்டையில் என்ன எண் போட்டிருக்கிறது என்பது இங்கே உதவாது. மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே அகலமான பகுதி ஆகியவற்றை இன்ச் டேப்பால் அளந்து, மாதிரியோடு வரும் அட்டவணையில் பார்க்க வேண்டும். தைத்து முடித்த உடையின் அளவுகளும் தனியே தரப்பட்டிருக்கும். உடலின் அளவுக்கும் உடையின் அளவுக்கும் இடையே உள்ள தளர்வு எவ்வளவு என்பதை அதிலிருந்து அறியலாம். உள்ளே தடித்த சட்டை அணிபவருக்கு அந்தத் தளர்வு மிக அவசியம்.

இரண்டாவது, அச்சிடுவது. முழு மாதிரியும் ஏ4 தாள்களாகப் பிரிந்து வரும். முதலில் ஒரு தாளை மட்டும் அச்சிட்டு, அதில் உள்ள சோதனைச் சதுரத்தை அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். அச்சு இயந்திரம் தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கிவிட்டால், தாள்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றளவு அளவே குறைந்துவிடும். நூறு விழுக்காடு அளவில் அச்சிட்டு, ஒட்டி, பிறகு வெட்ட வேண்டும். தையலுக்கு விடப்பட்டுள்ள விளிம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களின் மாதிரிகளில் அது பெரும்பாலும் எட்டில் ஐந்து பங்கு அங்குலம். சிறு வடிவமைப்பாளர் பலர் அரை அங்குலமோ அதற்கும் குறைவாகவோ விடுவார்கள். கவனிக்காமல் தைத்தால் உடை இறுக்கமாகவோ தொளதொளவென்றோ போய்விடும்.

மூன்றாவது, சோதனைத் தையல். பழைய படுக்கை விரிப்பை வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, உடுத்திப் பார்ப்பது. தோள் நழுவுகிறதா, கையைத் தூக்கினால் முதுகு இழுக்கிறதா, மார்பின் குறுக்கே சுருக்கம் விழுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பவர்கள்தாம் பின்னால் நல்ல துணியை வீணாக்கிவிட்டு வருந்துகிறார்கள்.

அடுத்தது துணி. பருத்தி சுருங்கும் தன்மை கொண்டது. ஆகவே துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்பே வெட்ட வேண்டும். பஞ்சு வைக்கும் மேலங்கிக்கு இன்னொரு விதியும் உண்டு. மாதிரியின் அளவுக்கே துணியை வெட்டிவிடக் கூடாது. சுற்றிலும் சற்றுப் பெரியதாக வெட்டி, பஞ்சையும் உள்துணியையும் சேர்த்து ஊக்குகளால் பிடித்து, கோடு கிழித்துத் தைக்க வேண்டும். தைக்கத் தைக்க அந்த மூன்று அடுக்கும் உள்வாங்கிக் குறையும் என்பதே காரணம். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்தால் சுருக்கம் விழாது. அது முடிந்த பிறகுதான் மாதிரியை மேலே வைத்துச் சரியான அளவுக்கு வெட்டுவது.

பலரைத் தயங்க வைப்பது பாக்கெட். அழகாகத் தையல் ஓட்டி முடித்த முன்பக்கத்தின் நடுவிலேயே கத்தரிக்கோலை வைத்துக் கீற வேண்டும். ஒரு நூல் அதிகமாக வெட்டினால் ஓட்டை. குறைவாக வெட்டினால் மூலையில் சுருக்கம். மிச்சத் துணியில் இரண்டு முறை செய்து பழகிய பின் அசல் துணியைத் தொடுவதே அறிவுடைமை.

கடைசியில் ஓரப்பட்டி. தையற்காரர்கள் ‘கிராஸ் பீஸ்’ என்று சொல்வார்களே, அதுதான். துணியின் நெடுக்கு நூலுக்கும் குறுக்கு நூலுக்கும் சரிபாதியாக, 45 பாகைச் சாய்வில் வெட்டிய பட்டி. நேராக வெட்டிய துணி வளைவில் அடங்காது. சாய்வாக வெட்டியது இழுத்த பக்கம் வந்து, கழுத்து வளைவிலும் கைக்குழியிலும் படிந்து உட்காரும். ரவிக்கைக் கழுத்துக்குப் பட்டி வைத்துப் பழகிய தமிழ்ப் பெண்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல.

உடலில் குறை இல்லை

கடையில் ஓர் உடை பொருந்தாவிட்டால் பெரும்பாலோர் என்ன நினைக்கிறார்கள்? ‘எடை கூடிவிட்டது’, ‘தோள் அகலமாகிவிட்டது’ என்று தங்கள் உடலையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். தாமே தைத்துப் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில்லை. எந்த மாதிரியும் ஒரு கற்பனை உடலுக்கு வரையப்பட்டது என்பதும், அந்தக் கற்பனை உடலைப் போல அச்சாக யாரும் இருப்பதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. தோளில் அரை அங்குலம் கூட்டுவதும், இடுப்பில் ஓர் அங்குலம் விரிப்பதும், கையைச் சற்றுக் குறைப்பதும் காகிதத்தில் பென்சிலால் செய்யும் வேலை. மாற வேண்டியது காகிதம்தான், உடல் அல்ல. பிள்ளை பெற்ற பிறகோ, அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, முதுமையிலோ உடல்வாகு மாறிய ஒருவருக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.

உண்மையான விலை எது?

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி, வங்காளதேசத்தின் சவார் நகரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதற்குள் இயங்கிய ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களில் வேலை செய்தவர்கள் உட்பட 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவர்களில் விரிசல் கண்டும், மறுநாள் தொழிலாளர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். உலகின் பெரிய கடைகளில் மலிவாகத் தொங்கிய உடைகள் அத்தகைய இடங்களிலிருந்து வந்தவை.

வீட்டில் ஒரு மேலங்கியைத் தைத்துவிட்டால் அந்தத் தொழிலாளர்களின் துயர் தீர்ந்துவிடுமா? தீராது. நியாயமான கூலியும் பாதுகாப்பான கட்டடமும்தான் அதைத் தீர்க்கும். ஆனால், ஒரு பாக்கெட்டைத் திருத்தமாக வைக்க ஒரு பிற்பகல் முழுவதும் செலவிட்டவர், அதன்பின் கடையில் தொங்கும் மலிவு உடையைப் பழைய கண்ணோடு பார்ப்பதில்லை. ‘இத்தனை தையலுக்கு இவ்வளவுதான் விலை என்றால், தைத்தவருக்குக் கிடைத்தது என்ன?’ என்ற கேள்வி தானாக எழுகிறது.

இதே கேள்வியைக் காகிதத்தை வரைந்தவரைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒரு மாதிரி வெளிவருவதற்கு முன், அடிப்படை வடிவத்தை வரைந்து, தைத்துப் பார்த்து, திருத்தி, ஒவ்வோர் அளவுக்கும் கூட்டிக் குறைத்து, வெவ்வேறு உடல்வாகு கொண்டவர்களிடம் கொடுத்துச் சோதித்து, படங்களோடு விளக்கம் எழுத வேண்டும். வாங்கிய ஒருவர் அந்தக் கோப்பைத் தோழியர் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டால், அனுப்பியவருக்கு அது நட்பு. வரைந்தவருக்கோ பத்துப் பேரின் கூலி போனது போல. பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பவரால் தாங்க முடியாது. அடுத்த மாதிரி வராமலே போய்விடும். மாதிரியைப் பாராட்டுவோர் அதன் விலையையும் கொடுப்பதே முறை.

வெப்ப நாட்டுக்குப் பொருந்துமா?

மலேசிய வெயிலில் பஞ்சு வைத்த மேலங்கி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேமரன் மலைக்குப் போகிறவருக்கும், குளிர்பதன அறையில் நாள் முழுவதும் வேலை செய்பவருக்கும் மேலங்கி தேவைதான்; பஞ்சு தேவையில்லை. பஞ்சை விட்டுவிட்டு இரண்டு மெல்லிய பருத்தித் துணிகளைச் சேர்த்தே இத்தகைய மேலங்கியைத் தைக்கலாம். பாத்தேக் துணி வெளிப்புறமும் பழைய சேலை உட்புறமுமாக இருந்தாலும் அழகுதான். தடிமன் குறைவதால் உடை சற்றுத் தளர்வாகும். சோதனைத் தையலில் அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

பல இல்லங்களில் அம்மாவோ பாட்டியோ பயன்படுத்திய தையல் இயந்திரம் ஒரு மூலையில் துணி போர்த்தி நிற்கிறது. அதற்குச் சிறிது எண்ணெய் விட்டு, புது ஊசி மாட்டி, பழைய படுக்கை விரிப்பிலிருந்து தொடங்கலாம். முதல் மேலங்கியில் தையல் கோணலாகத்தான் போகும். பிரித்துத் தைக்கலாம், பிரிக்க முடியாத தையல் எதுவும் இல்லை. அந்தக் கோணலைப் பார்க்கும்போதெல்லாம், கோணல் இல்லாமல் தைத்துத் தந்த எத்தனையோ கைகளின் அருமையும் புரியும்.